முகவரி உள்ள இடமெல்லாம் நினைவகம் அல்ல

2008 செப்டம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் 2.6.27 பதிப்புக்கான சோதனை வெளியீடுகள் வந்துகொண்டிருந்தன. அவற்றை நிறுவிப் பார்த்தவர்களில் சிலருக்கு நெட்வொர்க் போய்விட்டது. கணினியை அணைத்துப் போட்டாலும் வரவில்லை, பழைய கெர்னலுக்குத் திரும்பினாலும் வரவில்லை. தாய்ப்பலகையில் இருந்த இன்டெல் நெட்வொர்க் சிப்பின் மேக் முகவரியும் (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) அமைப்பு விவரங்களும் பதிந்திருந்த, மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் பகுதியே சிதைந்து போயிருந்தது. சிப்பை இயக்கும் கெர்னல் நிரலான இயக்கி, அந்தப் பகுதியின் செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுப் பார்த்து, பொருந்தவில்லை என்று சிப்பை இயக்கவே மறுத்தது. மென்பொருளில் இருக்கும் பிழை வன்பொருளை முடமாக்கிவிடுகிறது என்ற செய்தி பரவியதும், உபுண்டு, சுசே, மாண்ட்ரிவா உள்ளிட்ட விநியோகங்கள் தங்கள் சோதனைப் பதிப்புகளைப் பற்றிப் பயனர்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று.

சந்தேகம் அந்தச் சிப்பின் இயக்கியான இ1000இ மீது விழுந்தது. அதை வரிவரியாக அலசினார்கள். கடைசியில் பார்த்தால் தவறு அங்கே இல்லை. நெட்வொர்க்குக்குச் சம்பந்தமே இல்லாத எஃப்டிரேஸ் என்ற கருவிதான் காரணம். கெர்னலுக்குள் எந்தச் செயற்கூறு எப்போது அழைக்கப்படுகிறது என்று பின்தொடர்ந்து பதிவுசெய்வது அதன் வேலை. நினைவகத்தைத் தொடுவதாக நம்பி அது ஒரு சாதனத்தைத் தொட்டுவிட்டது.

சாதனப் பகுதிகளைக் கையாளுவது பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் இயக்கி எழுதுபவரை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. அவருக்குத் தான் தொடுவது சாதனம் என்பது தெரியும், அதற்கேற்ற கவனத்தோடு எழுதுவார். முகவரி என்று ஒன்று இருந்தால் அதன் பின்னால் நினைவகம் இருக்கும் என்று எண்ணிச் செயல்படும் மற்ற கெர்னல் பகுதிகள்தான் உண்மையில் கவலைக்குரியவை. 2008 சம்பவம் அதற்குச் சரியான சாட்சி. அதை முழுதாகப் புரிந்துகொள்ள, ஒரு சாதனம் எப்படி முகவரியாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சாதனம் முகவரியாகும் கதை

சாதனங்களையும் நினைவகத்தையும் ஒரே முகவரி வரிசையில் வைக்கும் முறை பழையது. 1970-இல் வந்த பிடிபி-11 கணினியில் முகவரி வெளியின் உச்சியில் 8 கிலோபைட் சாதனப் பதிவேடுகளுக்கென்று (சாதனத்துக்குக் கட்டளை தரவும் அதன் நிலையை அறியவும் உள்ள சிறு இடங்கள்) ஒதுக்கப்பட்டிருந்தது. நினைவகத்தில் எழுதும் அதே கட்டளையால் அச்சுப்பொறிக்கும் எழுதலாம். இன்டெல் வேறு வழியில் போனது. சாதனங்களுக்கென்று 65,536 போர்ட்டுகள் கொண்ட தனி வெளியையும், அதைத் தொடுவதற்குத் தனிக் கட்டளைகளையும் அது வைத்தது. அந்தப் போர்ட்டுகள் இன்றும் இருக்கின்றன, ஆனால் புதிய சாதனங்கள் அனேகமாக நினைவக முகவரி முறையையே பயன்படுத்துகின்றன.

இந்த ஏற்பாட்டின் விளைவை நம்மில் பலர் பெயர் தெரியாமலே அனுபவித்திருக்கிறோம். 32 பிட் விண்டோஸ் காலத்தில் 4 ஜிபி ரேம் போட்ட கணினி 3 ஜிபிக்குச் சற்று அதிகமாக மட்டுமே காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு. அவர் மீது தவறில்லை. 4 ஜிபி முகவரிகளில் மேல்பகுதியைக் கிராபிக்ஸ் அட்டையும் குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியும் (சாதனங்கள் பிராசஸரின் கவனத்தைக் கோரும் சைகைகளைக் கையாளுவது) மற்றச் சாதனங்களும் எடுத்துக்கொண்டிருக்கும். அந்த முகவரிகளுக்குப் பின்னால் ரேம் வர முடியாது.

பிசிஐ என்ற இணைப்பு முறையில் சேரும் ஒரு சாதனம் தனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று சொல்லும் விதம் அழகானது. ஒவ்வொரு சாதனத்திலும் அடிப்படை முகவரிப் பதிவேடுகள் ஆறு வரை இருக்கும். கெர்னல் அதில் ஒன்றில் எல்லா பிட்டுகளையும் 1 என்று எழுதிவிட்டுத் திரும்பப் படிக்கிறது. சாதனம் தனக்குத் தேவையான அளவுக்கு உட்பட்ட கீழ் பிட்டுகளை மாறவிடாது. அடையாளத்துக்காக இருக்கும் கடைசி 4 பிட்டுகளை நீக்கிவிட்டுப் பார்க்கையில் கீழே 17 பிட்டுகள் 0 என்று வந்தால், அது 128 கிலோபைட் கேட்கிறது என்று பொருள். இந்த அளவையெல்லாம் திரட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறாதபடி முகவரிகளைப் பங்கிட வேண்டும். பங்கீட்டைப் பார்க்க வேண்டுமானால் லினக்ஸில் ப்ராக் கோப்பமைப்பில் ஐஓமெம் என்ற கோப்பை ரூட் பயனராகத் திறந்தால் போதும். எந்த வீச்சு ரேம், எது எந்தச் சாதனத்துக்கு, எதை எந்த இயக்கி தன் பெயரில் பதிந்துவைத்திருக்கிறது என்று படிப்படியாக உள்தள்ளி எழுதியிருக்கும்.

முகவரி கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. நினைவகத்தைப் பற்றி பிராசஸரும், நிரலை அதன் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரும் பல அனுமானங்களோடு இயங்குகின்றன: ஒரே இடத்தை இருமுறை படித்தால் ஒரே மதிப்பு வரும், படிப்பதால் எதுவும் மாறாது, எழுதுவதைச் சற்றுத் தள்ளிப் போட்டாலும் பாதகமில்லை. சாதனங்கள் இவை எல்லாவற்றையும் பொய்யாக்குகின்றன. இன்டெல்லின் இ1000 வகை நெட்வொர்க் சிப்பில், குறுக்கீடு வந்ததற்கான காரணத்தைச் சொல்லும் பதிவேட்டைப் படித்த உடனே அது துடைக்கப்பட்டுவிடும். 16550 சீரியல் சிப்பில் தரவுப் பதிவேட்டை ஒருமுறை படித்தால் வரிசையில் முதலில் நிற்கும் எழுத்து வெளியே வந்துவிடும். யாராவது சும்மா எட்டிப் பார்த்தால்கூட ஓர் எழுத்து தொலைந்தது.

ராஸ்பெர்ரி பை வைத்துப் பழகியவர்களுக்கு இதைக் கைக்கெட்டும் தூரத்தில் காட்டலாம். முதல் ராஸ்பெர்ரி பையில் உள்ள பிராட்காம் சிப்பில், விளக்கு போன்றவற்றை இணைக்க உதவும் ஜிபிஐஓ பின்களின் பதிவேடுகள் பதினாறு நிலை எண்முறையில் 20200000 என்ற பௌதிக முகவரியில் தொடங்குகின்றன. அதிலிருந்து 28 பைட் தள்ளி இருப்பது பின்னின் மின்னழுத்தத்தை உயர்த்தும் பதிவேடு. 40 பைட் தள்ளி இருப்பது தாழ்த்தும் பதிவேடு. 17-ஆம் பின்னில் எல்இடி விளக்கை இணைத்து, முதல் பதிவேட்டில் 17-ஆம் பிட்டை மட்டும் 1 ஆக்கி எழுதினால் விளக்கு எரியும். மற்றப் பின்களுக்கு உரிய பிட்டுகளில் 0 போட்டு எழுதுகிறோமே, அவை அணைந்துவிடாதா? அணையாது. இந்தப் பதிவேட்டில் 0 என்றால் ‘அப்படியே விடு’ என்று பொருள். அணைக்க வேண்டுமானால் அடுத்த பதிவேட்டில் 1 எழுத வேண்டும். படித்து, மாற்றி, எழுதும் மூன்று படிகளும் ஒரே முறை எழுதுவதில் முடிந்துவிடுவதால், இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு பின்களை மாற்றினாலும் ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது. எழுதிய மதிப்பு அங்கே தங்குவதே இல்லை என்பதைக் கவனியுங்கள். நினைவகம் என்ற சொல்லுக்கே இடமில்லாத ஒரு முகவரி அது.

இதே பதிவேட்டில் அடுத்தடுத்து இருமுறை எழுதும் நிரலைச் சாதாரண பாயிண்டரால் (முகவரியைச் சுமக்கும் மாறி) எழுதிக் கம்பைலரிடம் கொடுத்தால், முதல்முறை எழுதுவது வீண் என்று முடிவுகட்டி அதை நீக்கிவிடும். நினைவகத்தைப் பொறுத்தவரை அது சரியான முடிவுதான். கூடவே, ராஸ்பெர்ரி பை 2 வந்தபோது இந்த அடிமுகவரி வேறு இடத்துக்கு மாறியது. முகவரியை நிரலுக்குள் நேரடியாக எழுதிவைத்திருந்தவர்களின் நிரல்கள் எல்லாம் நின்றுபோயின. முகவரியைக் கெர்னலிடம் கேட்டுப் பெற வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

கெர்னல் போடும் வேலிகள்

லினக்ஸில் இயக்கி முதலில் தன் வீச்சைத் தன் பெயரில் பதிகிறது. வேறு இயக்கி ஏற்கெனவே பதிந்திருந்தால் அனுமதி கிடையாது. பிறகு ஐஓரீமேப் என்ற செயற்கூறை அழைத்து, அந்தப் பௌதிக முகவரிக்கு நிரல்கள் பயன்படுத்தும் மெய்நிகர் முகவரி ஒன்றைப் பெறுகிறது. இவ்விரண்டையும் பொருத்தும் பக்க அட்டவணையில், அந்தப் பக்கங்களுக்குக் கேஷ் (பிராசஸர் வேகத்துக்காகத் தன்னிடம் வைக்கும் நகல்) கூடாது என்ற குறிப்பு ஏறுகிறது. ஆர்ம் 64 பிட் பிராசஸரில் இந்தக் குறிப்பு இன்னும் நுணுக்கமானது: அணுகல்களை ஒன்றுசேர்க்கலாமா, வரிசை மாற்றலாமா, எழுதியது போய்ச் சேரும் முன்பே சேர்ந்துவிட்டது என்று இடையில் இருப்பவர் பதில் சொல்லலாமா என்ற மூன்று கேள்விகளுக்கும் தனித்தனியே விடை எழுதலாம். ஐஓரீமேப் முதல் இரண்டுக்கும் தடை போட்டு, மூன்றாவதை மட்டும் அனுமதிக்கிறது.

கிராபிக்ஸ் அட்டையின் திரை நினைவகம் இதில் விதிவிலக்கு. அங்கே பைட் பைட்டாக அனுப்பினால் ஆமை வேகம்தான். அதனால் எழுதுபவற்றைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பும் முறைக்கு ஐஓரீமேப்பின் இன்னொரு வடிவம் இருக்கிறது.

ஒரே பௌதிக முகவரிக்கு இரண்டு மெய்நிகர் முகவரிகள், ஒன்றில் கேஷ் உண்டு, மற்றொன்றில் இல்லை என்று வந்தால் விளைவு என்ன என்று எந்தப் பிராசஸரும் உறுதி தராது. ஆகவே கெர்னல் எந்த வீச்சு எந்த வகையில் வழங்கப்பட்டிருக்கிறது என்று கணக்கு வைத்திருக்கிறது. முரண்பட்டுக் கேட்டால் மறுக்கிறது. ரேம் இருக்கும் முகவரிக்கு ஐஓரீமேப் கேட்டாலும் மறுக்கிறது, ஏனென்றால் அந்த ரேம் ஏற்கெனவே கேஷோடு கெர்னலின் வரைபடத்தில் இருக்கிறது.

கிடைத்த முகவரியை நேரடியாகத் தொடக்கூடாது. படிக்க ரீட்எல், எழுத ரைட்எல் என்று குறிப்பிட்ட செயற்கூறுகள் இருக்கின்றன. அணுகலின் அகலம் 32 பிட் என்றால் 32 பிட்டாகவே போகும், கம்பைலர் அதை நீக்காது, சாதாரண நினைவக எழுத்துகளுக்கும் இதற்கும் இடையே தேவையான வரிசை காக்கப்படும். மொத்தமாக நகலெடுக்கவும் தனிச் செயற்கூறுகள்தான். நினைவகத்தை நகலெடுக்கும் சாதாரண மெம்காப்பி வேகத்துக்காகச் சில பைட்டுகளை இருமுறைகூடத் தொடும், வாகாக அமையாத முகவரிகளில் படிக்கும். ஆர்ம் 64 பிட்டில் சாதனப் பகுதியை அப்படித் தொட்டால் பிராசஸர் அங்கேயே பிழை எழுப்பி நிறுத்திவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு பொறி மிச்சம் இருக்கிறது. பிசிஐ வழியே ரைட்எல் செய்வது தபால் பெட்டியில் கடிதம் போடுவது மாதிரி. பெட்டியில் விழுந்ததும் பிராசஸர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும், சாதனத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று காத்திருக்காது. சிப்பை ரீசெட் செய்யச் சொல்லி எழுதிவிட்டு 10 மைக்ரோ விநாடி காத்திருக்கும் நிரலில், அந்த 10 மைக்ரோ விநாடியும் கட்டளை வழியில் இருக்கும்போதே தீர்ந்துவிடலாம். அதே சாதனத்தில் ஏதாவது ஒரு பதிவேட்டைப் படித்தால், முன்னால் எழுதியவை எல்லாம் சேர்ந்த பிறகே பதில் வரும். இயக்கிகளில் ரைட்எல்-லுக்கு அடுத்த வரியில், விடையைப் பயன்படுத்தாத ஒரு ரீட்எல் இருந்தால் அது தேவையற்றது என்று நீக்கிவிடாதீர்கள்.

2004-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சேர்த்த ஒரு சிறு அடையாளம் இந்த வேலிகளில் எனக்கு மிகப் பிடித்தது. ஐஓரீமேப் தரும் பாயிண்டருக்கு ‘ஐஓமெம்’ என்ற முத்திரை உண்டு. அவரே தொடங்கிய ஸ்பார்ஸ் என்ற சோதனைக் கருவி, முத்திரையிட்ட பாயிண்டரை யாராவது நேரடியாகத் திறந்தாலோ சாதாரண பாயிண்டர் கேட்கும் இடத்தில் கொடுத்தாலோ எச்சரிக்கும். இயங்கும் நேரத்தில் இதற்குச் செலவே கிடையாது. ஐபிஎம்மின் எஸ்390 பெருங்கணினிகளைப் பார்த்தால் இந்த முத்திரையின் அருமை விளங்கும். அங்கே பிசிஐ சாதனங்களைத் தொடுவதற்குத் தனிக் கட்டளைகள் ஏற்பட்டன, சாதாரண நினைவகக் கட்டளைகள் உதவாது. அந்த வழியில் இயக்கிக்குக் கிடைக்கும் எண் பார்வைக்கு முகவரி போல் இருக்கும், ஆனால் ரீட்எல் அதை வாங்கி, எந்தச் சாதனம் என்று கண்டுபிடித்து, உரிய கட்டளையை விடுக்கும். முத்திரையை மதித்து எழுதிய இயக்கி அங்கேயும் ஓடும்.

அந்த ஃபிளாஷை அழித்தது எது

முத்திரையும் ரீட்எல்-லும் இயக்கிக்குள் காவல் இருக்கின்றன. எஃப்டிரேஸ் அந்த வாசல் வழியாக வரவே இல்லை.

அது செயல்பட்ட விதம் இது. ஒவ்வொரு கெர்னல் செயற்கூறின் தொடக்கத்திலும் கம்பைலர் ஓர் அழைப்பைச் செருகியிருக்கும். அந்தச் செயற்கூறு முதன்முறை ஓடும்போது, அழைப்பு இருக்கும் முகவரியை எஃப்டிரேஸ் ஒரு பட்டியலில் குறித்துக்கொள்ளும். விநாடிக்கொருமுறை விழிக்கும் ஒரு பின்னணித் திரி, பட்டியலில் உள்ள முகவரிகளுக்குப் போய், அந்த அழைப்புகளை எதுவும் செய்யாத கட்டளையாக மாற்றிவிடும். வேகம் குறையாமல் இருப்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு.

ஆனால் ஒரு மாட்யூல் (ஓடும் கெர்னலில் பிறகு சேர்க்கப்படும் நிரல் துண்டு) ஏற்றப்பட்டதும், அதன் தொடக்கச் செயற்கூறுகள் ஒரே ஒருமுறை ஓடி முடிந்து, அவை இருந்த நினைவகம் விடுவிக்கப்படுகிறது. பட்டியலில் முகவரி மட்டும் நின்றுவிட்டது. 32 பிட் கெர்னலில் மாட்யூல்கள் குடியேறும் அதே மெய்நிகர் வெளியிலிருந்துதான் ஐஓரீமேப்பும் முகவரி எடுக்கிறது. காலியான முகவரி இ1000இ இயக்கியின் கைக்குப் போனது. அதன் பின்னால் இப்போது இருந்தவை ஃபிளாஷைக் கட்டுப்படுத்தும் பதிவேடுகள்.

எஃப்டிரேஸ் எச்சரிக்கையில்லாமல் எழுதவில்லை. எதிர்பார்த்த பழைய கட்டளை அங்கே இருந்தால் மட்டுமே மாற்று என்று, ஒப்பிட்டு மாற்றும் கட்டளையைத்தான் பயன்படுத்தியது. பொருந்தாவிட்டால் எதுவும் மாறாது என்பது கணக்கு. இன்டெல்லின் கையேட்டில் அந்தக் கட்டளை பற்றிய விளக்கத்தில் ஒரு வரி உண்டு: ஒப்பீட்டின் விடை எதுவானாலும் இலக்கை நோக்கி ஓர் எழுத்துச் சுழற்சி போகும். பொருந்தாதபோது, படித்த பழைய மதிப்பே திரும்ப எழுதப்படுகிறது. நினைவகத்தில் இதனால் ஒரு துளி வித்தியாசமும் இல்லை. பதிவேட்டில், படித்ததைத் திரும்ப எழுதுவது ஒரு புதிய கட்டளை. பதிவேடுகள் அதைக் கட்டளையாகவே ஏற்றுக்கொண்டன, ஃபிளாஷ் சிதைந்தது.

2.6.27 அக்டோபர் 9 அன்று வெளியானது. அதற்குள் இன்டெல் பொறியாளர்கள் அந்த ஃபிளாஷ் பகுதிக்கு வன்பொருள் அளவிலேயே எழுத்துத் தடை போடும் திருத்தத்தைச் சேர்த்துவிட்டார்கள். சில நாட்களில் வந்த 2.6.27.1 எஃப்டிரேஸின் அந்த வசதியை முடக்கியது. அடுத்த பதிப்பில், அழைப்புகளின் முகவரிகள் கெர்னலைக் கட்டும்போதே திரட்டப்படும்படி முறையே மாற்றப்பட்டது. இயங்கும் நேரத்தில் குறித்த பழைய முகவரியை நம்புகிற தேவை ஒழிந்தது. என் பார்வையில் இந்தக் கடைசித் திருத்தம்தான் உண்மையான தீர்வு.

இதைப் படித்த பிறகு கெர்னலின் பொதுவான பகுதிகளைப் பார்த்தால், ‘இது நினைவகம்தானா?’ என்ற கேள்வி எத்தனை இடங்களில் பதிந்திருக்கிறது என்று தெரியும். கெர்னலின் முகவரி வெளி முழுவதையும் ஒரு கோப்பு போல் காட்டும் கேகோர், ஐஓரீமேப் செய்த பகுதி வரும்போது அதைப் படிக்காமல் வெறும் சுழியங்களை நிரப்பிக் கொடுக்கிறது. படித்தால் எந்தக் குறுக்கீடு துடைக்கப்படும், எந்த எழுத்து தொலையும் என்று யார் கண்டது? சாதனப் பகுதியைத் தன் முகவரி வெளியில் வைத்திருக்கும் நிரல் செயலிழந்து நிற்கும்போது எழுதப்படும், அதன் நினைவகத்தின் நகலான கோர் கோப்பிலும் அந்தப் பகுதி விடுபடும். நிரலின் பக்கங்களை நேரடியாக வன்வட்டுக்கு அனுப்பும் வேலையில் சாதனப் பகுதி குறுக்கிட்டால், கெர்னல் பிழை சொல்லித் திருப்பிவிடும். ஒவ்வொரு ரேம் பக்கத்துக்கும் கெர்னல் வைத்திருக்கும் கணக்குச் சீட்டு சாதனப் பக்கத்துக்கு வழக்கமாக இருப்பதில்லை. யார் பிடித்திருக்கிறார்கள், எத்தனை பேர் என்று எண்ண வழியில்லாத ஒன்றை அனுப்ப முடியாது.

ஆனால் சாதாரண ரைட் அழைப்பில் அப்படிப்பட்ட சோதனை எதுவும் இல்லை. சாதனப் பகுதியைத் தரவு என்று சுட்டிக்காட்டி அழைத்தால் கெர்னல் அதைப் படித்துவிடும். விளைவுக்கு நிரலே பொறுப்பு.

2020-இல் இன்னொரு பக்கம் திறந்தது. மெய்நிகர் கணினிகளுக்குப் பிசிஐ சாதனத்தை நேரடியாக ஒப்படைக்க லினக்ஸில் விஎஃப்ஐஓ என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒப்படைக்கப்பட்ட சாதனத்தின் நினைவக முகவரிகளுக்குப் பதில் சொல்வதை நிறுத்தும் பிட் ஒன்றை, மெய்நிகர் கணினிக்குள் ஓடும் விருந்தினர் இயங்குதளமே அணைக்க முடியும். அணைத்துவிட்டு அந்த முகவரியைத் தொட்டால் சாதனம் பதில் தராது. சில கணினிகளில் அதை வன்பொருள் மீளமுடியாத பிழையாக எடுத்துக்கொண்டு முழு இயந்திரத்தையும் கவிழ்த்துவிடும். ஒரு விருந்தினரால் வீடே இருட்டாகலாம் என்ற நிலை. திருத்தத்தில், பிட் அணைந்த கணமே பயனர் பக்கத்து அட்டவணைப் பதிவுகள் எல்லாம் பிடுங்கப்படுகின்றன. அதன் பிறகு தொடுபவருக்கு மட்டும் பிழைக் குறிகை போகும். பிட் மறுபடி உயிர்பெற்றால், தொடும்போது பதிவு திரும்ப உருவாகும்.

2025-இல் வந்த 6.14 பதிப்பிலிருந்து ரஸ்ட் மொழியில் எழுதும் பிசிஐ இயக்கிகளுக்கு, இதே கவலையை மொழியின் வகை முறைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். சாதனப் பகுதி தன் குறைந்தபட்ச அளவையும் சேர்த்தே ஒரு வகையாக அறிவிக்கப்படுகிறது. அந்த அளவைத் தாண்டிய பதிவேட்டைத் தொடும் வரி கெர்னல் கட்டும்போதே நிராகரிக்கப்படும். பகுதியைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்க வேண்டும். இயக்கியிலிருந்து சாதனம் விடுவிக்கப்பட்டுவிட்டால் அனுமதி கிடைக்காது. இந்தக் காவல் மென்பொருள் அறிந்த விடுவிப்புக்குத்தான். அட்டையை யாராவது சட்டென்று உருவிவிட்டால், அதற்குள் அனுமதி பெற்று உள்ளே போய்விட்ட ரீட்எல்-லுக்கு எக்ஸ்86 கணினிகளில் 32 பிட்டும் 1 என்ற விடைதான் வரும். அது பதிவேட்டின் உண்மையான மதிப்பா, சாதனம் இல்லை என்பதன் அடையாளமா என்று சோதிக்கும் வரியை இயக்கி எழுதுபவரே எழுதியாக வேண்டும்.